தண்ணீரில் கரண்ட் இருந்தது

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் பதினோராம் வகுப்புதான் படிக்கிறேன். வேலைக்காக வெளியூர் புறப்படும் மகனுக்கு அம்மாவோ அப்பாவோ எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் தமிழம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட சேர்க்கை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என்று ஒரு பக்கம் நன்றாகவே போனது. அடுத்த வரியில் உண்மையாக இரு என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். தமிழம்மாவுக்கு வேறொன்று எழுதிக்கொள்ளலாம். இது உனக்கு. அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். விளக்கைப் போட்டால் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும் என்பதால் போன் டார்ச்சைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் குடியிருப்பு மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் இருக்கிறது. எட்டு வீடு. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தரைக்கு அடியில் சம்ப்பு. போர்த் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் அதில்தான் விழும். அங்கிருந்து மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணனின் வேலை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையில் அவரும் அவர் மனைவி கஸ்தூரி அக்காவும் இருக்கிறார்கள். கஸ்தூரி அக்கா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், எங்கள் வீட்டையும் சேர்த்து. தொட்டி நிறைந்து வழிந்தால் முதல் மாடி பானு ஆன்ட்டி பால்கனியில் நின்று கத்துவார். "ஏழுமலை! காதுல விழலையா? வாட்டர் ஃபால்ஸ் பார்க்கக் குற்றாலம் போகவேண்டாம், இங்கயே இருக்கு!" என்பார். ஏழுமலை அண்ணன் ஓடிக்கொண்டே, "இதோ ஆச்சுமா, டிக்கெட் வாங்கினு வந்து பாருங்க" என்பார். இப்படித்தான் நாள் போய்க்கொண்டிருந்தது. அதை நான் சரிசெய்யக் கிளம்பினேன்.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம். உனக்கும் இருக்குமோ என்னவோ. பத்தாம் வகுப்பு விடுமுறையில் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றை வாங்கி விளக்கை மினுக்கவைத்தேன், பிறகு விசிறியை நிறுத்தவைத்தேன். விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு. அதற்கு நாம் எழுதிக் கொடுப்பதை அது மறக்காமல் செய்துகொண்டே இருக்கும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடு, நிறைந்தால் நிறுத்து, சம்ப்பு காலியாக இருந்தால் போடாதே. இதைச் செய்துதருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாதான் எங்கள் அசோசியேஷன் செகரட்டரி. அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். மறுநாளே லிஃப்ட் இல்லாத அந்தப் படிக்கட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு இஞ்சினியர் ஒரு மெஷின் பண்ணிட்டிருக்கா சார்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

சனிக்கிழமை நானும் அப்பாவும் தாம்பரத்தில் ரயிலேறி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சின்ன கறுப்புக் கட்டியை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் மறுபக்கம் அஞ்சு வோல்ட் வரும். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒயரால் ஒட்டு உறவு எதுவும் கிடையாது. அதுதான் அதன் உயிர். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரெடிமேடாக வாங்கி மாட்டினால் நான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வீடியோவில் கப்பாசிட்டர் ஒன்றை வைத்தே கரண்டைக் குறைக்கிற சர்க்யூட்டைப் பார்த்திருந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அப்பா பக்கத்தில் நிற்க, "இதெல்லாம் நானே பண்ணிப்பேன் அண்ணா" என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். அப்பா இன்னும் அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

மகனே, இதைக் கவனமாகப் படி. அந்த சர்க்யூட்டில் வருவதும் அஞ்சு வோல்ட்தான். ஆனால் அதன் ஒரு ஒயர் நேராக வீட்டுக் கரண்டின் ஒரு ஒயரோடு சேர்ந்திருக்கும். நடுவில் சுவரே கிடையாது. சேர்ந்திருப்பது நியூட்ரலாக இருந்தால் பிழைத்தோம். கரண்ட் வருகிற ஃபேஸாக இருந்தால், சின்ன பேட்டரி அளவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த அஞ்சு வோல்ட் ஒயரைத் தொடுவதும் சுவரில் இருக்கிற ஓட்டையில் விரலை விடுவதும் ஒன்று. வீடியோவுக்குக் கீழேயே ஒருவர் எழுதியிருந்தார், இந்த சர்க்யூட்டின் எந்தப் பகுதியையும் தொடக்கூடாது என்று. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். படித்துவிட்டு, யார் தொடப்போகிறார்கள், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஸ்க்ரூ போட்டு மூடிவிடுவேனே என்று நினைத்தேன். அந்தப் பெட்டியிலிருந்து, தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிற சென்சாரின் நுனி உரித்த ஒயர் வெளியே வந்து தண்ணீருக்குள் இறங்குகிறது என்பதும், அந்தத் தண்ணீரை எட்டு வீடும் தொடும் என்பதும் எனக்கு அப்போது ஒன்றாகச் சேர்ந்து தோன்றவில்லை.

பிறகு தோன்றியது. இதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது. பெட்டியை மாட்டிய அன்றைக்கு பிளக்கைச் சொருகிவிட்டு ஒயர் நுனியில், கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரிகிற டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். எரியவில்லை. நான் போட்டிருந்தது இரண்டு முனை பிளக். எப்படி வேண்டுமானாலும் சொருகலாம். ஒரு பக்கமாகச் சொருகினால் தண்ணீருக்குள் நியூட்ரல், திருப்பிச் சொருகினால் ஃபேஸ். அப்போதே பெட்டியைக் கழற்றியிருக்கவேண்டும். வெளியே அப்பா பானு ஆன்ட்டியிடமும் அவர் வீட்டு மாமாவிடமும் மோட்டார் தானாக ஓடப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே ஓடிப்போய் அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துவந்து பிளக்கின் சரியான பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி மேலே இருக்கவேண்டும். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். யாரிடமும் அந்தப் புள்ளி எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மோட்டார் தானாக ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள், பானு ஆன்ட்டி எனக்கு மைசூர்பாகு கொடுத்தார். அந்த மைசூர்பாகை நான் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாரை ஆன் ஆஃப் செய்ய நான் வைத்தது சின்ன நீல நிற ரிலே. அதன் முதுகில் பத்து ஆம்பியர் என்று போட்டிருக்கும். எங்கள் மோட்டார் ஓடும்போது எடுப்பது அதில் பாதிதான். ஆனால் கிளம்பும் அந்தக் கணத்தில் பல மடங்கு இழுக்கும், நின்றுகொண்டிருக்கிற வண்டியை முதலில் தள்ளுகிறபோது மூச்சு முட்டுகிற மாதிரி. கொஞ்ச நாளில் ரிலேயின் உள்ளே இருக்கிற இரண்டு தகடுகளும் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டன. சில்லு நிறுத்து என்று சொல்லியும் மோட்டார் நிற்கவில்லை. தொட்டி வழிந்து பானு ஆன்ட்டி காயப்போட்டிருந்த வடகமெல்லாம் போயிற்று. திட்டு யாருக்குத் தெரியுமா? "மெஷின் வந்ததும் ஜாலியா தூங்க ஆரம்பிச்சிட்ட இல்ல?" என்று ஏழுமலை அண்ணனுக்கு. அவர் என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, உன் மெஷினும் என்ன மாதிரியே தூங்கிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரித்தேன். அன்று மாலையே இன்னொரு ரிலேயை மாற்றிவைத்துவிட்டேன். சின்ன ரிலே, கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சை மட்டும் இயக்கவேண்டும், மோட்டாரின் பாரத்தைக் கான்டாக்டர்தான் சுமக்கவேண்டும் என்று அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் மாற்றவில்லை. மாற்றினால் முதலில் செய்தது தப்பு என்று ஆகிவிடும் அல்லவா.

ஆயுத பூஜை வந்தது. ஏழுமலை அண்ணனுக்கு அந்த நாள் பிடிக்கும். மோட்டார் ரூமைக் கழுவி, ஒட்டடை அடித்து, பிளக்கெல்லாம் பிடுங்கித் துடைத்து, மோட்டாருக்கு மாலை போட்டார். சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மோட்டாருக்கு, சுவிட்சுக்கு, அவருடைய சைக்கிளுக்கு, அப்பாவின் ஸ்கூட்டருக்கு, என் பெட்டிக்கு. பெட்டியின் பிளக்குக்கும் ஒன்று வைத்திருக்கிறார். சந்தனத்துக்கு மேல் குங்குமம், சிவப்பாக. நெயில் பாலிஷ் புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில். பொட்டு வைத்த பக்கம்தானே பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும்? அதை மேலே வைத்துச் சொருகிவிட்டார். அன்று மாலை பானு ஆன்ட்டி, "பாத்ரூம் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது, கீசரைப் பார்க்கச் சொல்லணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழுந்தது. பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி லீவிலும் ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார்கள். காலை நான் கிளம்பிப் படியிறங்குகிறேன், கீழே டமார் என்று குடம் உருளுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சம்ப்பின் இரும்பு மூடி திறந்திருக்கிறது, ஏழுமலை அண்ணன் மல்லாந்து கிடக்கிறார். சில்வர் குடத்தைத் தண்ணீரில் முக்கியிருக்கிறார், தூக்கி எறிந்துவிட்டது. நெற்றி தூணில் மோதி ரத்தம். கை மட்டும் தனியாக உதறிக்கொண்டிருந்தது. அவர் அருகே போகாமல் நான் நேராக மோட்டார் ரூமுக்குள் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் என் புள்ளி, மறுபக்கம் அவருடைய பொட்டு. அதற்குள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். நான் எங்கே போனேன் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, "யாரும் தொடாதீங்கோ. தண்ணில கரண்டு கீது" என்பதுதான்.

உடனே எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். அவர் சம்ப்பில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், குழாயில் வைத்துப் பார்த்தார், மோட்டாரில் பார்த்தார். "சார், ஒண்ணுமே இல்ல சார். சுத்தமா இருக்கு" என்றார். எப்படி இருக்கும்? நான்தான் பிடுங்கிவிட்டேனே. அந்தப் பிளக்கைப் பிடுங்கியதால் யாரும் சாகவில்லை. அதே பிடுங்கலால் ஏழுமலை அண்ணன் பொய்யர் ஆகிவிட்டார். பானு ஆன்ட்டிதான் ஆரம்பித்தார். "நேத்து பூஜை முடிஞ்சதும் கைல காசு விழுந்திருக்கும். காலங்கார்த்தால ஊத்திக்கிட்டு வந்து விழுந்திருக்கான்." ஏழுமலை அண்ணன் முன்பு குடிப்பார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கேட்டருகே விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். விட்டு ரொம்ப நாளாகிறது. "சத்தியமா இல்லமா, வாய மோந்து பாருங்கோ" என்று அவர் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து காட்டினார். யாரும் கிட்டே போகவில்லை. கஸ்தூரி அக்கா முந்தானையால் அவர் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அன்று பிசிக்ஸ் டெஸ்ட். நல்ல மார்க் வரும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். "உன் பெட்டி ப்ளக் எப்படி வெளியில வந்தது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்டர் எரிந்தது, புள்ளி, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா என்னை அடித்ததே கிடையாது, ஆனாலும் அன்று அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்லப்பா."

"அம்மாகிட்டகூடச் சொல்லாத."

"அப்பா, அவர் குடிக்கலப்பா."

"எனக்குத் தெரியாதா? இங்க பாருடா. இது வெளிய போனா போலீஸ் கேஸ். உன் ப்ளஸ் டூ, காலேஜ் எல்லாம் என்ன ஆறது? செகரட்டரி வீட்டுப் பொண்ணு எட்டு குடும்பத்தையும் கொல்லப் பார்த்தாள்னு பானு ஊர் முழுக்கச் சொல்லுவா." பிறகு, "அதோட, ப்ளக்கை மாத்திச் சொருகினது அவன்தானே" என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மகனே, நான் செய்ததிலேயே உன்னிடம் சொல்ல அதிகம் கூசுவது அந்த நிம்மதியைத்தான். ஆமாம், மாற்றிச் சொருகியது அவர்தானே என்று நானும் நினைத்தேன். பொட்டு வைத்த மனிதர்மேல் பழியைப் போட்டு அதில் நான் மூச்சுவிட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை. உன் தாத்தாவைப் பற்றி நீ அப்படி நினைக்கக்கூடாது. அவர் பயந்துவிட்டார். எனக்காகப் பயந்தார். நாளைக் காலை அசோசியேஷன் மீட்டிங். ஏழுமலை அண்ணனை வேலையைவிட்டு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வேறொரு அபார்ட்மென்ட்டில் சொல்லி அவரைச் சேர்த்துவிடுவதாக அப்பா என்னிடம் சொன்னார். பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று கெஞ்சினேன். "இப்பவே கழட்டினா சந்தேகம் வரும். கொஞ்ச நாள் போகட்டும். சரியான பக்கமா நானே அழுத்தமாச் சொருகிட்டேன்" என்றார். புள்ளி மேலே இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாராம். அதாவது, இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அது கீழே சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைதவறிப் பிடுங்கித் திருப்பிச் சொருகவேண்டியதுதான் பாக்கி. விடிந்தால் எல்லோரும் பல் தேய்ப்பார்கள். பானு ஆன்ட்டியின் பேரனை வாளியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார்கள்.

வீட்டுப்பாடத்துக்கு ஒரு அம்மாவைப்போல யோசிக்கவேண்டும். அதனால்தான் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் நீ இப்படி ஒன்றைச் செய்துவிட்டு வந்து என் முன்னால் நிற்பாய். நீ என் பிள்ளை, கட்டாயம் ஏதாவது செய்வாய். அப்போது நான் என்ன சொல்வேன்? யாரிடமும் சொல்லாதே என்றுதான் முதலில் வாயில் வரும். பெற்றவர்களுக்கு அதுதான் வரும்போலிருக்கிறது. ஆனால் நான் அப்படிச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கே தெரியும். ஒருவர் நம்மைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவரைக் கைவிடுகிறபோது, காப்பாற்றப்பட்ட மாதிரியே இருப்பதில்லை. சோறு இறங்குவதில்லை. கஸ்தூரி அக்கா இன்று மாலையும் எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தார். நான் சாப்பிட்ட தட்டையும். எங்கள் குழாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். அவர் புருஷன் சொன்னதை நம்பி அல்ல என்று நினைக்கிறேன். அம்மா, "என்ன கஸ்தூரி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?" என்று கேட்டபோது, "என் தலையில எய்தினது அதுதான்மா" என்றார். அவரும் நம்பவில்லை. அவருக்கே தெரியாமல் கைதான் கொஞ்சம் நம்பியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவை நினைத்தால் அதிகமாக. டார்ச்சை அணைக்கிறேன்.

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்றும் அதே துப்பட்டாவுக்குள்தான் எழுதுகிறேன். இன்று ஒளிந்துகொள்ளத் தேவையில்லை, பழகிவிட்டது.

விடியும்போது எழுந்து கீழே போனேன். மோட்டார் ரூமின் மெயினை முதலில் அணைத்தேன், பிறகுதான் பிளக். சம்ப்பிலிருந்து ஒயரை இழுத்தேன். மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்தும் இழுத்தேன். ஈரமாக, பாசி பிடித்து, பாம்பு மாதிரி வந்தது. பெட்டியைக் கழற்றி ஒயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மீட்டிங்குக்கு வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன இஞ்சினியர், சர்வீஸா?" என்றார் பானு ஆன்ட்டியின் வீட்டு மாமா. அப்பா கடைசியாகப் படியிறங்கி வந்தார். என் மடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. யாரோ சத்தமாகப் பேசு என்றார்கள். தண்ணீரில் கரண்ட் இருந்தது, அது என் பெட்டியிலிருந்து வந்தது, ஏழுமலை அண்ணன் குடிக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கி அதை மறைத்தது நான் என்று சொன்னேன். பானு ஆன்ட்டி, "அய்யய்யோ, புள்ளைய அதுலதானே குளிப்பாட்டினேன்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஒருவர் போலீஸ் என்றார். ஒருவர் சின்னப்பொண்ணு விடுங்க என்றார். சின்னப்பொண்ணு என்றதுதான் அதிகமாக வலித்தது, பாராட்டும்போது யாரும் அப்படிச் சொல்லவில்லையே. அப்போது அப்பா முன்னால் வந்தார். "அவ என்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டா. மறைக்கச் சொன்னது நான். திரும்பவும் ப்ளக்கைச் சொருகினதும் நான்தான்" என்றார். செகரட்டரி வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இப்போதுவரை என்னிடம் பேசவில்லை. ஆனால் எல்லோரும் கலைந்த பிறகு எலக்ட்ரீஷியனுக்கு அவரே போன் செய்தார். எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் கசிந்தால் தானே அணைகிற பிரேக்கர் போடச் சொன்னார். மோட்டாருக்கு கான்டாக்டர், தண்ணீருக்குள் வெறும் கம்பி இல்லாத மிதவை சுவிட்ச் என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா நடுவில் நின்று அப்பாவிடம் சொன்னார். நான் சொல்வது அவர் காதில் விழுகிற தூரம்தான்.

ஏழுமலை அண்ணன் மீட்டிங்குக்கு வரவில்லை. வேலை போகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி. நான் போய் எதிரில் நின்றேன். உள்ளே கத்தியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். "அண்ணா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீயா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஒரு லாரி போனது. "என்னாண்ட எதுக்குச் சொல்ற? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மா பேசுனது, இந்தம்மா பேசுனது, அத்த வுடு. எங்க வூட்ல ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்கல. சோத்த வச்சிட்டு சொவுத்தப் பாத்துப் படுத்துக்குது. அதாண்ட போய்ச் சொல்லு."

படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அந்த அறைக்குள் நான் அதுவரை போனதே கிடையாது. கஸ்தூரி அக்கா துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும் என்று நினைத்து, பெட்டியைத் திறந்து, இந்த ஒயர், அந்த ஒயர் என்று காட்டத் தொடங்கினேன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். "தண்ணில கரண்டு இருந்துச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இருந்துச்சு அக்கா. என்னாலதான்."

"அவரு சொன்னது நெசம்?"

"நிஜம் அக்கா. ஒரு சொட்டுகூடக் குடிக்கல."

அக்கா மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. வாசல் வழியாகக் கேட் பக்கம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து குடத்தை எடுத்தார். விளிம்பு நசுங்கிய அதே சில்வர் குடம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார், ஒயரெல்லாம் எடுத்தாகிவிட்டது, மெயினும் அணைத்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன். அவர் சம்ப்புக்கு நடந்தார். நானும் போனேன். மூடியைத் தூக்க உதவினேன். உள்ளே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. எலக்ட்ரீஷியன் இன்னொரு தடவை டெஸ்டரை வைத்துக் காட்டிவிட்டுத் தலையாட்டினார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மொதல்ல நீ கைய வையி" என்றார்.

மகனே, அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒயரை இழுத்தது நான், மெயினை அணைத்தது நான். ஆனாலும் மண்டியிட்டுக் குனிந்து முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்த்தேன். முழங்கைவரை விட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கலாம் என்று அவர் சொல்லும்வரை எடுக்கவில்லை. பிறகு அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுக் குடத்தை முக்கினார்.